இல்லை என்று சொல்லத் தெரியாத நெற்றி

சாவ் பாவ்லோவில் குடியிருக்கும் என் அருமைத் தம்பி நக்லேவுக்கு, பெய்ரூட் தௌரா ரவுண்டானாவிலிருந்து உன் அண்ணன் ஷுக்ரி சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால்களும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும், உன் வீட்டம்மாவும், பிள்ளைகளும், உன் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்கப் புனிதர் மார் எலியாஸை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் தூபியா எழுதுகிறான். எழுத்தில் பிழை இருந்தால் அவன் பொறுப்பு, விஷயத்தில் பிழை இருக்காது.

உன் கடிதத்தை அவன்தான் படித்துக் காட்டினான். உன் கடைசி மகள் ஜமீலே ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, முகச் சுருக்கத்துக்கு ஊசி போடுகிற நர்ஸாகப் போகிறேன் என்று நிற்கிறாளாம். போகிற இடத்திலெல்லாம் முன் அனுபவம் கேட்கிறார்களாம். என் மகள் ரோலா எப்படி அந்த வேலைக்குள் நுழைந்தாள் என்று கேட்டிருக்கிறாய். ரோலாவிடம் கேட்டால் என் நெற்றியைப் பார்த்துச் சிரிக்கிறாளே தவிர பதில் சொல்வதில்லை. ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்.

அது எந்த வருஷம் என்றால், நாட்டுக்கு ஜனாதிபதி இல்லாமல் இருந்த வருஷம். நாற்காலி காலியாகக் கிடந்தது, அது யாருக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆனால் ஜூலை மாதம் குப்பை வண்டி நின்றது, அது மறுநாள் காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூட்டை மூட்டையாகத் தெருவோரம் குவிந்து, பாலத்துக்கு அடியில் குவிந்து, கடைசியில் பாலம் எது குப்பை எது என்று தெரியாமல் போயிற்று. செப்டம்பரில் மஞ்சள் புழுதி ஒன்று வந்து கடலையே காணாமல் அடித்தது. அது அடங்கி, முதல் மழை பெய்து, மூட்டைகளெல்லாம் தெருவில் மிதந்து போன அதே அக்டோபரில்தான் ரோலா ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, “அப்பா, இனி என்னால முடியாது” என்றாள்.

அவள் அப்போது டயாலிசிஸ் வார்டில் இருந்தாள். நரம்பே கண்ணுக்குத் தெரியாத கிழவர்களுக்கும் ஒரே குத்தில் நரம்பு கண்டுபிடிப்பாள். ஆனால் படுக்கையிலிருந்து ஆளைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. எலும்பு டாக்டர் இனி ஒரு மூட்டை வெங்காயம்கூடத் தூக்காதே என்று சொல்லிவிட்டார். தூக்காமல் செய்கிற நர்ஸ் வேலை என்ன இருக்கிறது? இதுதான் இருக்கிறது. நம் ஊரில் ஆணி அடிக்க ஆள் தேடினால் கிடைக்காது, நெற்றியில் ஊசி அடிக்கத் தெருவுக்கு மூன்று இடம். அவளும் வாரக்கடைசி வகுப்புக்குப் போய், ஆரஞ்சுப் பழத்திலும் ரப்பர் தலையிலும் குத்திப் பழகி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு, ஜல் எல் தீபில் டாக்டர் ஹக்கோப் வைத்திருந்த கிளினிக்குக்குப் போனாள். அங்கே நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டது மதாம் ஷந்தால் என்ற அம்மாள். அவருடைய முகத்தில் கோபமா சந்தோஷமா என்று எதுவும் தெரியாது, குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தேன், ஆகையால் எல்லாம் என் காதில் விழுந்தது.

“டயாலிசிஸா? இங்க யாரும் ரத்தம் மாத்த வர்றதில்லம்மா, வயசு மாத்த வர்றாங்க. எங்களுக்கு அனுபவம் உள்ளவங்கதான் வேணும்.”

“அனுபவம் எங்க கிடைக்கும், மதாம்?”

“வேலை பார்த்தா கிடைக்கும்.”

“வேலை எப்பக் கிடைக்கும்?”

“அனுபவம் வந்ததும் வாங்க.”

அந்த நேரம் டாக்டர் ஹக்கோப் உள்ளேயிருந்து வந்தார். குட்டையான மனிதர், நல்ல மனிதர். ரோலாவின் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. “இந்தக் கை நடுங்குமா?” என்று கேட்டார். “மிஷின்ல ரத்தம் ஓடறப்போ கரண்ட் போனாலே நடுங்கினதில்ல டாக்டர்” என்றாள் ரோலா. “அப்ப மூணு முகம் கொண்டு வா. நான் பக்கத்துல நிப்பேன், ஆனா குத்தறது நீ. மூணும் சரியா வந்தா வேலை உனக்கு. டிசம்பர் நாலு, பர்பாரா பண்டிகைக்குள்ள முடிக்கணும். அதுக்கு மேல காத்திருக்க முடியாது, மதாமோட அக்கா பொண்ணு வேற வரிசையில நிக்குது.” மதாம் ஷந்தால் மகிழ்ந்தாரா வருந்தினாரா தெரியாது, முகம் முகமாகவே இருந்தது.

மூன்று முகம்தானே, பெய்ரூட்டில் முகத்துக்கா பஞ்சம் என்று நீ நினைப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தம்பி, நம் ஊர்ப் பெண்களிடம் சிறுநீரகம் கேட்டுப் பார், யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள். பழகுவதற்கு முகம் கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். முதலில் உன் அண்ணி நஜ்லாவைக் கேட்டோம், ஆண்டவர் அவள் ஆன்மாவுக்கு நிழல் தரட்டும். “எனக்கு ஊசி போட ஜுன்யேல நிரந்தரமா ஒருத்தி இருக்கா. பெத்த மகளுக்காக உயிரைக் கேளு தர்றேன், நெத்தியைக் கேட்காத” என்றாள். எதிர்வீட்டுக்காரி மகன் கல்யாணம் வருகிறது, போட்டோவில் கோணலாக விழுந்தால் காலத்துக்கும் சுவரில் தொங்கும் என்றாள். மேல்வீட்டுக்காரி, “உங்க மகள் தங்கமான பொண்ணு, முதல்ல வேற யாரையாவது பண்ணட்டும், நாங்க பார்த்துட்டு வர்றோம்” என்றாள். எல்லோரும் பார்த்துவிட்டு வருகிறவர்கள், முதலில் வருகிறவர் யாரும் இல்லை. ரோலா சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தக்காளி நறுக்கினாள். வெங்காயம் அல்ல, தக்காளி. அதற்குக் கண்ணீர் வராது என்பது எனக்குத் தெரியாதா? “என் மூஞ்சி ஆகுமா?” என்று கேட்டேன். பாக்தாத் வரைக்கும் பாலைவன வெயிலில் லாரி ஓட்டிய நெற்றி, பிறகு இத்தனை வருஷம் டாக்சி ஓட்டிய நெற்றி, அதில் கோடு இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும். ரோலா திரும்பிப் பார்த்து, “அப்பா, டாக்டர் அழுதுடுவார் சந்தோஷத்துல” என்றாள்.

நாற்காலியைச் சாய்த்தார்கள், முகத்தைத் துடைத்தார்கள், வெள்ளைப் பென்சிலை எடுத்தாள் மகள். “புருவத்தைத் தூக்குங்க அப்பா, கோடு எங்க விழுதுன்னு பார்க்கணும்.” நான் தூக்கினேன். தூக்கினால் நாக்கும் தானாக ‘ட்ச்’ என்றது, அது என் தப்பில்லை. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “வேண்டாமா அப்பா? பயமா இருந்தா விட்டுடலாம்.” “நீதானேடி தூக்கச் சொன்னே!” “தூக்கச் சொன்னேன், இல்லைன்னு சொல்லச் சொல்லலையே.” டாக்டர் ஹக்கோப் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அங்கே போய் ஐம்பது வருஷத்தில் நீ மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். நம் ஊரில் யார் ‘இல்லை’ என்று வாயால் சொல்கிறான்? புருவத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினால் இல்லை. மிகவும் இல்லை என்றால் கூடவே ஒரு ட்ச். அதிலும் வழியெல்லாம் ஆள் ஏற்றிப் பங்குச் சவாரி ஓட்டுகிற சர்வீஸ் டாக்சிக்காரனுக்குப் புருவம்தான் பிழைப்பு. ஓரமாக நிற்கிற ஆள் குனிந்து ஜன்னலில் ‘ஹம்ரா?’ என்பான். நமக்கு அந்தப் பக்கம் சவாரி இல்லை என்றால் புருவம் மேலே போகும், அவன் நிமிர்ந்துகொள்வான், நாம் நகர்ந்துவிடுவோம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கில்லை. வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் தொண்டை என்ன ஆவது? அந்த வருஷம் இன்னும் ஒரு காரணம் இருந்தது. குப்பை நாற்றம் தாங்காமல் ஊரே வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் ஓடியது. கண்ணாடிக்கு வெளியே அவன் வாய் அசையும், உள்ளே என் புருவம் அசையும், சத்தமில்லாமல் வியாபாரம் நடக்கும்.

ரோலா நெற்றி நடுவில் புள்ளி புள்ளியாக வைத்து, கை நடுங்காமல் குத்தி முடித்தாள், கொசு கடித்த மாதிரிதான் இருந்தது. இமை இறங்கிவிடுமோ என்று பயந்து ஓரங்களைத் தொடாமல் விட்டுவிட்டாள். டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. “படுக்காதீங்க, நெத்தியைத் தேய்க்காதீங்க, சில நாள்ல தெரியும்” என்று அனுப்பினார்கள்.

சில நாளில் தெரிந்தது. நெற்றி நடுவில் பளிங்கு மாதிரி வழவழப்பு, ஒரு கோடு இல்லை. ஆனால் இரண்டு புருவமும் ஓரத்தில் கூரை மாதிரி மேலே ஏறி நின்றுகொண்டன. தூங்கும்போதும் மேலே, சாப்பிடும்போதும் மேலே. கண்ணாடியில் பார்த்தால் யாரோ என்னிடம் கடன் கேட்க, நான் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு முகம்.

மறுநாள் காலை தௌராவில் வண்டியை ஓரம் கட்டினேன். ஒரு பையன் ஓடி வந்தான், என் முகத்தைப் பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான். நான் கண்ணாடியை இறக்கி, “ஏறு தம்பி” என்றேன். “முடியாதுன்னுட்டு ஏறுங்கறீங்க, என்ன மாமா விளையாட்டு?” என்று போய்விட்டான். அடுத்து ஒரு அம்மாள் பையோடு வந்தார். “நான் எங்க போகணும்னு வாயையே திறக்கல, அதுக்குள்ள இல்லைங்கறியே! போகாதவன் எதுக்கய்யா வண்டியை வச்சிருக்கே, கோழி அடைக்கவா?” என்று கதவைக் கையால் அடித்தார். மத்தியானம் வரைக்கும் என் வண்டியில் என்னைத் தவிர ஏறியது ஒரு ஈ. வீட்டுக்கு வந்தால் நஜ்லா முலூக்கியாக் கீரைக் குழம்பு வைத்திருந்தாள். “எப்படியிருக்கு?” என்றாள். “தேன்” என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க, பல்லைக் காட்டிட்டுப் புருவத்தால குத்தாதீங்க” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். பக்கத்துவீட்டுப் பேரனுக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தகப்பன். பாதிரியார் பிதாவை நம்புகிறாயா என்று கேட்டார். நம்புகிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் நம்புகிறேன் என்றேன். அவர் புத்தகத்தைத் தாழ்த்தி, என் காதருகே வந்து, “ஷுக்ரி, வாய் ஆமாங்குது, முகம் இல்லைங்குது, நான் எதை எழுதிக்கட்டும்?” என்றார். “சாமி, இது ஊசி” என்றேன். “எந்த ஊசியும் விசுவாசத்தைத் தொடாது” என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்துவிட்டார். குழந்தை தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தது, என் பின்னால் ரோலா முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன், இல்லை, அழுதுகொண்டிருந்தாள். முதல் முகமே போய்விட்டது, மதாமின் அக்கா மகளுக்குத்தான் வேலை என்றாள்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரிடம் போனோம். மதாம் ஷந்தால் என்னைப் பார்த்ததும், “ஆச்சரியப்படற மாதிரி இருக்கே, ஏதாவது நல்ல செய்தியா?” என்றார். டாக்டர் ஹக்கோப் என் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ரோலாவிடம், “எங்க விட்டே?” என்றார். “ஓரத்துல.” “அன்னைக்கே பார்த்தேன்.” நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். “பார்த்துட்டுச் சும்மா இருந்தீங்களா? என் நெத்தி என்ன உங்களுக்குக் கரும்பலகையா?” “ஷுக்ரி அண்ணே, இது ஒரு சொட்டுல சரியாகிற தப்பு. நான் வாயால சொல்லியிருந்தா இவ சாயங்காலமே மறந்திருப்பா. இப்ப மறப்பாளா?” “இவ மறந்தாலும் பாதிரியார் மறக்க மாட்டார்” என்றேன். ரோலா ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு சொட்டு வைத்தாள். அப்போதும் கை நடுங்கவில்லை.

சில நாளில் புருவம் இறங்கி, கண்ணுக்கு மேலே சாதுவாக உட்கார்ந்தது. நெற்றி முழுக்க உரித்த முட்டை. நஜ்லாவே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஜுன்யேக்காரி எனக்கு இவ்வளவு சுத்தமா போட்டதில்ல” என்றாள். சரி, துன்பம் தீர்ந்தது என்று தௌராவுக்கு வண்டியை எடுத்துப் போனேன். அப்போதுதான் அடுத்தது ஆரம்பித்தது. புருவம் இறங்கியது நிஜம், ஆனால் இனி ஏறாது. நான் உள்ளுக்குள் தூக்குகிறேன், முழு பலத்தோடு தூக்குகிறேன், வெளியே ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியோ ஏற்றியிருக்கிறது. ‘அஷ்ரஃபியே?’ என்று ஒரு வாய் அசைந்தது. இல்லை என்று தூக்கினேன். கதவு திறந்தது, ஒரு வயதான அம்மாள் ஏறி உட்கார்ந்தார், பெயர் எவ்லின், பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். ‘ஜுபைல்?’ என்று அடுத்த வாய், தூக்கினேன், சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் முன்சீட்டில் ஏறினார். ‘சின் எல் ஃபில்?’ என்று ஒரு வாய். உம் ஜிர்ஜிஸ் என்ற அம்மாள், இடித்த கோதுமையும் இறைச்சியுமாக ஒரு பெரிய தட்டு கிப்பேயை மடியில் வைத்துக்கொண்டு, சுட்டு வாங்க அடுப்புக்கடைக்குக் கொண்டுபோகிறவர். கடைசியாக ஹம்ராவுக்குப் போக வேண்டிய ஒரு கிழட்டு சலூன்காரர், கத்தரிக்கோல் பெட்டியோடு. நாலு பேர், நாலு திசை. கதவைச் சாத்திய பிறகுதான் ஒருவரை ஒருவர் எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார்கள்.

“ஜுபைல் வடக்க இருக்கு, ஹம்ரா மேற்க இருக்கு. இந்த வண்டி நடுவுல பிளந்துக்குமா?” என்றார் சுங்கக்காரர்.

“நான் எல்லாருக்கும் இல்லைன்னுதான் சொன்னேன்” என்றேன்.

“எப்பச் சொன்னே? கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தே! கல்லு இல்லைன்னு சொல்லுமா?” என்றார் சலூன்காரர்.

“யாராவது இறங்கினா நான் மத்தவங்களைக் கொண்டுபோய் விடுவேன்.”

“நான்தான் முதல்ல ஏறினேன்” என்றார் டீச்சர். “என் தட்டு ஊசிப்போயிடும்” என்றார் உம் ஜிர்ஜிஸ். யாரும் இறங்குவதாக இல்லை. நான் நெடுஞ்சாலையில் ஏறி, முதல் திருப்பத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று போனால், அங்கே குப்பைக்கு எதிராக ஒரு கூட்டம் மூட்டைகளை ரோட்டில் குறுக்கே தள்ளி உட்கார்ந்திருந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது, கண்ணாடியை இறக்கவும் முடியாது. நாலு பேரும் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். என் பிறப்பு, என் வண்டியின் பிறப்பு, எனக்கு லைசென்ஸ் கொடுத்தவனின் பிறப்பு என்று ஒன்றையும் விடவில்லை. என்னால் கோபத்தைக்கூட முகத்தில் காட்ட முடியவில்லை.

திடீரென்று எவ்லின் டீச்சர் கையைத் தூக்கி வகுப்பை அமைதிப்படுத்துகிற மாதிரி எல்லோரையும் நிறுத்தினார். பின்பார்வைக் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “டிரைவர், இவ்வளவு திட்டு வாங்கியும் உங்க நெத்தியில ஒரு கோடு விழலையே. என்ன வயசு உங்களுக்கு?” சொன்னேன். “பொய்” என்றார் உம் ஜிர்ஜிஸ், தட்டுக்கு மேலே எட்டிப் பார்த்து. “யார் போட்டது?” “என் மகள் ரோலா. நர்ஸ்.” டீச்சர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னும் கிட்டே வந்தார். “பிள்ளைங்களை முறைச்சு முறைச்சே எனக்குப் புருவத்துக்கு நடுவுல ரெண்டு வாய்க்கால் விழுந்துபோச்சு. இப்ப சும்மா இருந்தாலும் கோபமா இருக்கேன்னு பேரப்பசங்க கிட்ட வரமாட்டேங்கறாங்க. உங்க மகளுக்கு இதுல முன் அனுபவம் உண்டா?”

தம்பி, அந்த இடத்தில் நான் பொய் சொல்லவில்லை, மார் எலியாஸ் சாட்சி. இல்லை என்று புருவத்தைத் தூக்கினேன். பழக்கம், என்ன செய்வது! ட்ச் கூடப் போட்டேன், பின்னால் ஹாரன் சத்தத்தில் அது அமுங்கிவிட்டது. முகத்தில் ஒன்றும் அசையாததைப் பார்த்துவிட்டு டீச்சர், “ஆங், உண்டு. நல்லது. நான் அஷ்ரஃபியேல பல் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினேன், அவர் காத்திருக்கட்டும், கூட்டம் விட்டதும் நேரா அங்க விடுங்க” என்றார். உம் ஜிர்ஜிஸ், “நானும் சும்மா பார்க்கிறேன், பக்கத்துல அடுப்புக்கடை இருக்கா?” என்றார். இருந்தது. நான் வாயைத் திறந்து விளக்கம் சொல்லலாம் என்று பார்த்தேன், அதற்குள் சலூன்காரரும் சுங்கக்காரரும் மறுபடி சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் கலைந்ததும் நாலு பேரையும் அள்ளிக்கொண்டு ஜல் எல் தீபுக்குப் போய்ச் சேர்ந்தேன். தட்டை அடுப்புக்கடையில் கொடுத்துவிட்டு எல்லோரும் உள்ளே நுழைந்தோம். மூன்று முகம் முடியும்வரை டாக்டர் பக்கத்தில் நின்று பழகிக்கொண்டிருந்த ரோலா, என்னையும் என் பின்னால் வருகிற ஊர்வலத்தையும் பார்த்து வெள்ளைக் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைக்கவில்லை, அதற்குள் மதாம் ஷந்தால் வந்தார். “அம்மா, ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியணும். இந்தப் பொண்ணுக்கு இதுல அனுபவமே இல்ல. இது ரெண்டாவது நெத்தி. முதல் நெத்தி கோணலாப் போய், திரும்பக் குத்தினாங்க. எங்க அக்கா பொண்ணு இருக்கா, வேணும்னா அவளைக் கூப்பிடறேன்.”

டீச்சர் மெதுவாக எழுந்தார். வாய்க்கால் இரண்டும் ஆறாகிவிட்டன. “டிரைவர், அனுபவம் உண்டுன்னு சொன்னீங்களே?”

“இல்லைன்னுதான் சொன்னேன், டீச்சர்.”

“சொல்லல.”

“சொன்னேன். புருவத்தால சொன்னேன்.”

“நான் கண்ணாடி போட்டுட்டுப் பார்த்தேன், ஒண்ணும் அசையல. இத்தனை வருஷம் பொய் சொல்ற பசங்க முகத்தைப் பார்த்தவ நான்.”

ரோலா என்னைத் திட்டவில்லை. டீச்சர் முன்னால் வந்து நின்று, “மதாம் சொல்றது அத்தனையும் உண்மை. நீங்க ரெண்டாவது. அப்பாவுக்கு ஓரத்துல விட்டது என் தப்பு. வேண்டாம்னா நானே கதவு வரைக்கும் வந்து வழியனுப்பறேன்” என்றாள்.

டாக்டர் ஹக்கோப் என் முன்னால் வந்து நின்றார். “அண்ணே, இவங்க உங்களைப் பொய்யன்னு சொல்றாங்க. ஆமாவா இல்லையா? சொல்லுங்க.” இல்லை என்று தூக்கினேன். எனக்கு எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவையும் போட்டுத் தூக்கினேன். காது அசைந்தது. மூக்குத்துவாரம் விரிந்தது. தோள்கூட மேலே போயிற்று. புருவம் மட்டும் சாதுவாகக் கண்ணுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. சலூன்காரர்தான் முதலில் சிரித்தார். “அட, மனுஷன் மெய்யாவே தூக்கறான், எழும்ப மாட்டேங்குது!” பிறகு சுங்கக்காரர், பிறகு உம் ஜிர்ஜிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. மதாம் ஷந்தாலும் சிரித்தார் என்று நினைக்கிறேன், சத்தம் வந்தது.

எவ்லின் டீச்சர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் நெற்றியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். “பெய்ரூட்ல ஒரு டாக்சிக்காரனோட புருவத்தை அடக்கியிருக்கா. இதுக்கு மேல என்ன அனுபவம் வேணும்?” என்றார். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை என் கையில் கொடுத்தார். “குத்தும்மா. ஆனா ஓரத்தை மறக்காத.” ரோலா பென்சிலை எடுத்தாள். மதாம் ஷந்தால் விளக்கைக் கிட்டே தள்ளி வைத்தார், அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுப்புக்கடையிலிருந்து கிப்பே தட்டு வந்தது. காத்திருக்கும் அறையில் நாலு திசைக்குப் போக வேண்டியவர்கள் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரமே டீச்சரின் வாய்க்கால் இரண்டும் மூடிவிட்டன, பேரப்பசங்க மடியில் ஏறி உட்கார்ந்ததை அவரே போன் பண்ணிச் சொன்னார். உம் ஜிர்ஜிஸ் அதைக் கேட்டுவிட்டு மூன்றாவது முகமாக வந்தார். பர்பாரா பண்டிகை அன்று தெருவெல்லாம் பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு கதவு கதவாகத் தட்டும்போது, டாக்டர் ஹக்கோப் மூன்று முகத்தையும் விளக்குக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரோலாவிடம், “திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு” என்றார். வண்டியில் ஏறிய பிறகு, நெற்றியைத் தேய்க்கக் கூடாது என்று எத்தனை தடவை எனக்குச் சொன்னவள், அவளே என் நெற்றியில் முத்தம் கொடுத்து நன்றாகத் தேய்த்துவிட்டாள். மேல்வீட்டுக்காரியும் எதிர்வீட்டுக்காரியும் அதே வாரம் பார்த்துவிட்டு வந்தார்கள். உன் அண்ணி ஜுன்யேக்காரியிடம் போவதை நிறுத்திவிட்டாள், ஆனால் அந்தம்மாவுக்குக் காரணம் சொல்லவில்லை. மதாம் ஷந்தாலின் அக்கா மகள் துபாய்க்குப் போய் நன்றாக இருக்கிறாள். எனக்கு வசந்த காலத்தில் புருவம் மறுபடி எழுந்தது. அன்றைக்கு தௌராவில் ஓரம் கட்டி நின்று, யாரும் கேட்காமலே இல்லை, இல்லை, இல்லை என்று ஆசை தீரச் சொல்லிப் பார்த்தேன்.

ஆகையால் நக்லே, ஜமீலேயைத் தடுக்காதே. பக்கத்தில் நிற்கிற ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துப் பிடிக்கச் சொல், தப்பை மறைக்காமல் சொல்லச் சொல், ஓரத்தை மறக்காமல் இருக்கச் சொல். முகம் கேட்டு அலைவாள், அலையட்டும், அதுவும் படிப்புதான். ஆனால் ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன்: பழகுகிற கைக்கு நீ உன் முகத்தைக் கொடுத்துவிடாதே. பெற்ற பாசம் என்று உருகாதே. நான் ஒரு தடவை உருகி, ஒரு குளிர்காலம் முழுக்க ஊருக்கே வேடிக்கையானேன். இனி என் ஆயுசில் எந்தப் புதுக் கைக்கும் இந்த நெற்றியைத் தருவதாக இல்லை, அது யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சரி. நீயே விமானம் ஏறி வந்து வாசலில் நின்று கேட்டாலும் இதுதான் பதில்.

உன் மேசையில் ரொட்டியும் உன் வாசலில் சிரிப்பும் குறையாதிருக்கட்டும். பிள்ளைகள் தலையில் என் கை இருப்பதாக நினைத்துக்கொள். உன் வீட்டம்மாவுக்கு என் மரியாதை. இங்கே ரோலா உன் கையை முத்தமிடுகிறாள், தூபியா இங்க் தீர்ந்துவிட்டது என்கிறான்.

உன் அண்ணன்,
ஷுக்ரி

பி.கு.: தூபியா வேறு பேனா எடுத்துவிட்டான், இதையும் சேர்த்துக்கொள். ரோலா ஈஸ்டர் முடிந்ததும் எனக்கு சாவ் பாவ்லோவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். ஜமீலேயிடம் முதல் முகம் வருகிறது என்று சொல்லி வை, வேறு யாரையும் தேட வேண்டாம். நெற்றி பழையபடி நன்றாகச் சுருங்கிக் கிடக்கிறது, பழகுவதற்கு இதைவிட நல்ல நிலம் பிரேசிலில் கிடைக்காது. இந்தத் தடவை இல்லை என்று சொல்லப் போர்த்துகீசிய வார்த்தையை முன்கூட்டியே கற்றுக்கொண்டு வருகிறேன். ஆனால் ஆண் நெற்றி மட்டும் போதாது, பெண் நெற்றியும் ஒன்று வேண்டும் என்று ரோலா சொல்கிறாள். யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு என் வண்டியில் ஏறியவர்களில் சலூன்காரர் அடுத்த வருஷமே போய்விட்டார். சுங்கக்காரர் ஜுபைலில் தூக்கத்தில் போனார். உம் ஜிர்ஜிஸ் போன குளிர்காலத்தில் போனார், கடைசிவரை நெற்றியில் ஒரு கோடு இல்லை. டாக்டர் ஹக்கோப்பையும் நஜ்லா பக்கத்தில் சேர்த்துக்கொள். ஒருவர் மட்டும் உயிரோடு இருக்கிறார், பாஸ்போர்ட்டும் கையில் வைத்திருக்கிறார். ஆகையால் நீ இரண்டு அறை தயார் செய்து வை, ஒன்று எனக்கு, இன்னொன்று எவ்லின் டீச்சருக்கு.